நாய்க்கு ஈரல் பிஸ்கட்: அச்சு வேண்டாம், கீறல் போதும்

நாய்க்குக் கோழி ஈரல் பிஸ்கட் செய்யும்போது, அச்சால் ஒவ்வொன்றாக வெட்டுவதை விட்டுவிட்டு, வேகவைத்து அரைத்த ஈரலை ஓட்ஸ் மாவோடு கெட்டியாகப் பிசைந்து, தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கத்தி முனையால் விரல்நகம் அளவு கட்டங்களாகக் கீறி, ஓவனில் 160 டிகிரியில் சுடுங்கள். நன்றாக வெந்ததும் ஓவனை அணைத்துவிட்டு, கதவைச் சற்றே திறந்துவைத்துத் தட்டை உள்ளேயே ஆறவிட வேண்டும்.

கீறல்களின் வழியே ஈரம் வெளியேறுகிறது. மிச்சச் சூடே உலர்த்தும் வேலையைச் செய்துவிடுவதால் மின்சாரமும் மிஞ்சுகிறது. ஆறிய பின் கையால் ஒடித்தாலே துண்டுகள் கோட்டோடு கோடாகப் பிரியும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக்கூடாது என்பதால், வீட்டில் மீந்த மசாலா ஈரலையோ பில்டாங் என்னும் உப்பேறிய உலர் இறைச்சியையோ (அது எவ்வளவு மணத்தாலும்) இதில் கலக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன்ற கடலோர ஊர்களின் கோடைப் புழுக்கத்தில் டப்பாவில் வைத்தால் பூசணம் பிடித்துவிடும். அங்கே ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால் நாளுக்கு ஓரிரு துண்டே தகும்; ஈரல் அல்லது சிறுநீரக நோயுள்ள நாய்களுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்கக்கூடாது.