பழைய ஓபன் டாப் கார் வாங்கும் முன் ஒரு தண்ணீர் சோதனை

மேற்கூரையை மடக்கித் திறக்கிற பழைய காரைப் பார்க்கப் போனால், விலை பேசுவதற்கு முன் கூரையை மூடி, ஹோஸ் பைப்பில் பத்து நிமிடம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். அப்புறம் முன் சீட்டுப் பக்கம் கார்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் அதற்குக் கீழே உள்ள தகரத்தையும் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண காரில் பாடி வளையாமல் நிற்கக் கூரையும் கைகொடுக்கிறது. கூரை இல்லாத காரில் அந்தச் சுமை முழுக்கத் தரைத் தகரத்துக்கும் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி மாதிரியான தகரச் சட்டத்துக்கும் போகிறது. அங்கே துரு அரித்தால் வண்டியே தொய்ந்து, கதவு மூடும்போது உரசும். கிழிந்த துணிக் கூரையை மாற்றிக்கொள்ளலாம்; இந்தத் துருவை வெட்டியெடுத்து வெல்டிங் வைப்பதுதான் பெரிய வேலை. மதுரை வெயிலில் நின்ற வண்டியில் கார்பெட் எப்போதும் காய்ந்தே இருக்கும். ஐப்பசி மழை வரும்வரை ஒழுகல் தெரியாது. வேப்பமரத்தடியில் நின்ற வண்டி என்றால், கூரை ஓரத்து வடிகால் ஓட்டைகளில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் அதை எடுத்தாலே ஒழுகல் நின்றுவிடும்.

பழைய மஹிந்திரா ஜீப், ஜிப்ஸி மாதிரி தனிச் சேஸிஸ் (இரும்பு அடிச்சட்டம்) மேல் பாடி உட்காரும் வண்டிகளுக்கு இந்தத் தண்ணீர் சோதனை பொருந்தாது. கான்வாஸ் கூரை கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அவற்றில் அடியில் படுத்துச் சேஸிஸைத்தான் பார்க்க வேண்டும்.