வாட்டர் சோர்ஸ் ஹீட் பம்ப் சர்வீஸ்: கேஜை எடுப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

வாட்டர் சோர்ஸ் ஹீட் பம்ப் என்பது அறையின் சூட்டை, கட்டடத்தில் சுற்றிவரும் தண்ணீர்க் குழாய் வளையத்தில் (லூப்) இறக்கிவிடும் ஏசி; ஹீட்டிங்கில் அதே தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து அறைக்குத் தரும். அது குளிரவில்லை என்று கூப்பிட்டால், புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் முதலில் எடுப்பது கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜைத்தான். பேனலைக் கழற்றும் முன்பே "கேஸ் கம்மியா இருக்கும் அண்ணே" என்று தீர்ப்பு வந்துவிடும். "இருக்கட்டும் தம்பி, முதல்ல தண்ணியைப் பாரு" என்று கேஜை வாங்கிவைத்துக்கொண்டு தெர்மாமீட்டரைக் கொடுப்பேன்.

காரணம் இருக்கிறது. இந்த யூனிட்டில் கம்ப்ரசர், காயில், வால்வு எல்லாம் ஒரே பெட்டிக்குள். கேஸைத் தொழிற்சாலையிலேயே எடைபோட்டு நிரப்பிவிடுகிறார்கள். ஸ்பிளிட் ஏசி மாதிரி பொருத்தும் இடத்தில் நீளமாகச் செம்புக் குழாய் இழுத்து இணைக்கும் வேலை கிடையாது. அதனால் கசிவு குறைவு. நிரப்பியிருப்பதே கொஞ்சம், ஒவ்வொரு முறை ஹோஸ் மாட்டிக் கழற்றும்போதும் அதிலும் கொஞ்சம் போகும். தகராறு பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும், இல்லாவிட்டால் காற்றில்.

பவரை ஆஃப் செய்வதற்கு முன் கன்ட்ரோல் போர்டைப் பாருங்கள். ஏதாவது பாதுகாப்பு ஸ்விட்ச் சில முறை ட்ரிப் ஆனால் போர்டு யூனிட்டைப் பூட்டிவிடும். பல போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டி, ஹை பிரஷரா, லோ பிரஷரா, ட்ரெயின் தண்ணீரா என்று சொல்லும். மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் பூட்டு விடுபடும், கூடவே அந்தத் தகவலும் அழிந்துபோகலாம். அறையில் இருப்பவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டு தினமும் காலையில் ஸ்விட்சை அணைத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஓடும் கம்ப்ரசர் அதிக நாள் தாங்காது.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி வரவில்லையா, மாற்றுங்கள். கூடவே ப்ளோயர் சக்கரத்தின் இதழ்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அழுக்கு படிந்து இதழின் வளைவு மறைந்திருந்தால் புது ஃபில்டர் போட்டும் காற்று வராது. கூலிங்கில் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் காற்றுப் பக்கம் சரி.

காயிலில் சொட்டும் தண்ணீரை ட்ரேயில் பிடித்து வெளியேற்றும் ட்ரெயினில் பலர் ஏமாறும் இடம் ட்ராப், அதாவது எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டிய குழாய் வளைவு. பெரும்பாலான யூனிட்டுகளில் ப்ளோயர் காயில் வழியாகக் காற்றை இழுப்பதால் ட்ரே இருக்கும் பக்கமும் உறிஞ்சலில் இருக்கும். ட்ராப்பில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் ட்ரெயின் குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறும். ட்ரேயில் இருக்கும் தண்ணீர் இறங்காமல் கொதிப்பது போலக் குமிழி விட்டுக்கொண்டு நிற்கும். குழாயில் அடைப்பே இல்லாமல் ட்ரே வழிந்து கூரைப் பலகை கறைபடுவது இப்படித்தான். குளிர்காலம் முழுக்க ஹீட்டிங்கில் ஓடியபின் ட்ராப் காய்ந்திருக்கும். முதல் வெயில் வருவதற்குள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அப்போதே, ட்ரே நிறைந்தால் யூனிட்டை நிறுத்தும் சென்சாரையும் ஒருமுறை நனைத்துச் சோதித்துவிடலாம்.

இனி தண்ணீருக்கு வருவோம். கூலிங்கில் கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே வரும் தண்ணீரையும் வெளியே போகும் தண்ணீரையும் அளக்க வேண்டும். குழாயிலேயே ஊசித் தெர்மாமீட்டர் குத்துவதற்கு ரப்பர் அடைத்த ஓட்டை இருக்கும். ஒரு டன் குளிரூட்டும் திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தண்ணீர் ஓடினால், வித்தியாசம் ஐந்தரை டிகிரி அளவில் வரும். கணக்கு எளிது: லிட்டரை டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி, அதை மறுபடியும் 0.07-ஆல் பெருக்கினால் தண்ணீருக்குப் போகும் சூடு கிலோவாட்டில் கிடைக்கும். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட், அதோடு கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் சேர்ந்து 4.2, 4.3 என்று வர வேண்டும்.

வித்தியாசம் 9, 10 என்று ஏறியிருந்தால் தண்ணீர் பத்தவில்லை. பாதி மூடிய வால்வு, மடிந்த ஹோஸ், லூப்பில் சிக்கிய காற்று, அடைத்த ஸ்ட்ரெய்னர் (தண்ணீர் வடிகட்டி), இந்த நாலில் ஒன்றாக இருக்கும். ஸ்ட்ரெய்னரைத் திறந்ததும் உடனே கழுவிவிடாதீர்கள். சல்லடையை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். வெள்ளை நாராக வந்தால் யாரோ பைப் வேலை செய்தபோது விட்டுப்போன டெஃப்லான் டேப். பளபளக்கும் உலோகத் துகள் என்றால் வெல்டிங் செய்தபின் லூப்பைச் சரியாக அலசவில்லை. காந்தத்தில் ஒட்டும் கருப்புச் சேறு என்றால் இரும்புக் குழாய் உள்ளே அரிக்கிறது. அப்போது ஒரு யூனிட்டைக் கழுவிப் பயனில்லை, லூப் தண்ணீருக்கு மருந்து போடுபவரைக் கூப்பிட வேண்டும்.

வித்தியாசம் 3 டிகிரி, ஆனால் அறை குளிரவில்லை, ஹை பிரஷரில் ட்ரிப் ஆகிறது என்றால் கதை வேறு. தண்ணீர் ஓடுகிறது, சூடு அதற்குள் இறங்கவில்லை. தண்ணீர் ஓடும் காயிலின் உள்சுவரில் சுண்ணாம்பு உப்பு படிந்திருக்கும். ஹை பிரஷர் இல்லாமல், காற்றுக் காயிலில் பனி கட்டி, ஃபில்டரும் ப்ளோயரும் சுத்தமாகவே இருந்தால், அப்போது கேஜை எடுங்கள். அந்த நிலையில் கேஸ் குறைவு என்பதை நானே ஒப்புக்கொள்வேன்.

நீரோட்டத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள, அதே ஓட்டைகளில் அழுத்தத்தையும் அளக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே கேஜால் அளங்கள். ஒவ்வொரு கேஜும் ஒவ்வொரு பொய் சொல்லும், ஒரே கேஜ் என்றால் பொய் கழிந்துவிடும். கிடைத்த வித்தியாசத்தைக் கம்பெனி அட்டவணையில் பார்த்தால் எத்தனை லிட்டர் என்று தெரியும்.

உப்பு எடுப்பதற்குப் பவரை அணைத்து, இரண்டு வால்வையும் மூடி, ஹோஸ்களை யூனிட்டிலிருந்து கழற்றுங்கள். ஆசிட் தாங்கும் சின்னப் பம்ப், ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். கீழ்த் துளை வழியாக ஏற்றி மேல் துளை வழியாக வாளிக்கே திரும்ப விடுங்கள். அப்போதுதான் கரையும்போது எழும் வாயு உள்ளே தங்காது. அதே காரணத்துக்காக வாளியை மூடக் கூடாது, அறையில் காற்றோட்டமும் வேண்டும். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். வாளியில் நுரை எழும்வரை சுண்ணாம்பு கரைகிறது. நுரை நின்றால் ஒன்று வேலை முடிந்தது, இல்லாவிட்டால் கரைசலின் வீரியம் தீர்ந்துவிட்டது. காயில் செம்பா, குப்ரோ நிக்கலா (செம்பு-நிக்கல் கலவை) என்று பார்த்து, கம்பெனி அனுமதித்த கரைசலை மட்டும் ஊற்றுங்கள். கடைசியில் மிச்ச ஆசிட்டை முறிக்க சோடா உப்புக் கரைசல் விட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கட்டடத்தின் லூப்புக்குள் ஒரு சொட்டு ஆசிட்கூடப் போகக் கூடாது.

மூடிய லூப்பில் உப்பு படிகிறது என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தால் அதில் இருக்கும் கொஞ்சச் சுண்ணாம்பு ஒருமுறை படிந்ததோடு தீர்ந்துவிடும். மறுபடி மறுபடி படிந்தால், எங்கோ கசிந்து புதுத் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கிறது. புதுத் தண்ணீர் சேர்க்கும் மேக்கப் லைனில் மீட்டர் இருந்தால் போய்ப் பாருங்கள்.

ஹீட்டிங்கில் ஆபத்து எதிர்ப்பக்கம். தண்ணீர் குறைந்தால் காயிலுக்குள்ளேயே உறையும். உறைந்து வெடித்தால் தண்ணீர் கேஸ் லைனுக்குள் புகும். அதோடு கம்ப்ரசரும் போகும், யூனிட்டும் போகும். போர்டில் இருக்கும் ஃப்ரீஸ் சென்சார் ஜம்பரை (சின்ன இணைப்புக் கம்பி) வெட்டினால் ட்ரிப் நிற்கும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆன்டிஃப்ரீஸ் கலந்த லூப்புக்கு மட்டும் உள்ள ஏற்பாடு அது.

மின்சாரப் பக்கம் வருடம் ஒருமுறை போதும். கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து மைக்ரோஃபாரட் அளவை லேபிளோடு ஒப்பிடுங்கள், தலை உப்பியிருந்தால் அளக்காமலே மாற்றுங்கள். கம்ப்ரசருக்கு மின்சாரம் இணைக்கும் காண்டாக்டரின் முனை கருகியிருக்கிறதா, ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கிறதா, ஹோஸின் பின்னல் உறை துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்ணீர் வெப்பநிலை இரண்டையும், காற்று வெப்பநிலை இரண்டையும், கம்ப்ரசர் ஆம்பியரையும் தேதி போட்டு பேனலின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் ஸ்க்ரூ டிரைவரோடு அதைத்தான் முதலில் தேடுவார்.