ஒரிகன் கடற்கரையில் குடும்பத்தோடு கார்ப் பயணம்: கடலின் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

ஒரிகன் மாநிலத்தின் பசிபிக் கரை முழுக்க 101-ஆம் நெடுஞ்சாலை கூடவே வருகிறது. வடக்கே கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் அஸ்டோரியாவிலிருந்து, தெற்கே கலிபோர்னியா எல்லையை ஒட்டிய புரூக்கிங்ஸ் வரை ஏறத்தாழ 360 மைல். மேப்பில் போட்டுப் பார்த்தால் ஒரே நாளில் ஓட்டிவிடலாம் போலத் தெரியும். அதை நம்பி இரண்டு நாள் விடுமுறையில் முழுக் கரையையும் பார்க்கக் கிளம்பாதீர்கள். பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது கரையோரச் சாலையில் ஒரு நாளைக்கு நூறு மைல் என்பதே அதிகம். வளைவுகள், ஊருக்குள் வேகம் குறைப்பது, முன்னால் ஊர்ந்து போகும் பெரிய வேன் வீடுகள், "அப்பா, அங்கே நிறுத்துங்க" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு குரல் என எல்லாம் சேர்ந்து கணக்கை மாற்றிவிடும். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தத்தானே போகிறோம்!

ஐந்து நாள் இருந்தால் அஸ்டோரியாவிலிருந்து ஃபிளாரன்ஸ் வரை போங்கள். அது சுமார் 185 மைல், அதற்குள்ளேயே பாறை, காடு, கலங்கரை விளக்கம், திமிங்கலம், மணல்மேடு எல்லாம் வந்துவிடும். தெற்குப் பகுதியும் அழகுதான், ஆனால் அதற்கு இன்னும் மூன்று நாள் தனியாக வேண்டும். இல்லையென்றால் இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் வடக்கிலிருந்து தெற்கே ஓட்டுங்கள். அமெரிக்காவில் வண்டி சாலையின் வலப்பக்கம் போவதால், தெற்கே போகும்போது கடல் உங்கள் பக்கமே இருக்கும். காட்சி முனைகளில் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் சட்டென்று ஒதுங்கி நிறுத்தலாம், திரும்பச் சாலையில் ஏறுவதும் சுலபம்.

மாதம் எது என்று கேட்டால், செப்டம்பர் என்பேன். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நிரம்பி வழியும், காலையில் மூடுபனி, மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மணலை வாரியடிக்கும் காற்று. ஆனால் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால் அப்போதே போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. உள்நாட்டில் இருக்கும் போர்ட்லண்ட் நகரில் வெயில் கொளுத்தினாலும் கரையில் ஸ்வெட்டர் தேவைப்படும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு, காற்று புகாத மேல்சட்டை, ஒரு ஜோடி மாற்றுக் காலணி. குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் ஊர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு திட்டம் போடுகிறார்கள். நீங்கள் கடல் ஏறி இறங்கும் அட்டவணையை வைத்துத் திட்டம் போடுங்கள். என்ஓஏஏ என்ற அமெரிக்க அரசு அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு ஊருக்கும் எந்த நாளில் எத்தனை மணிக்கு லோ டைட் (கடல் இறங்கி நிற்கும் நேரம்), எத்தனை மணிக்கு ஹை டைட் (ஏறி நிற்கும் நேரம்) என்று இலவசமாகக் கிடைக்கும். பயண நாட்களுக்கான அட்டவணையை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் அறை பதிவு செய்யுங்கள். இந்தக் கரையில் ஒரே இடம் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் இருக்கும்.

லோ டைட் என்பது பிள்ளைகளின் நேரம். கடல் உள்வாங்கும்போது பாறைகளுக்கு நடுவே சிறு சிறு குட்டைகள் தேங்கி நிற்கும், அவற்றில் ஆரஞ்சும் ஊதாவுமாக நட்சத்திர மீன்கள், பூப்போல விரிந்திருக்கும் பச்சை நிறக் கடல் சாமந்திகள், சங்குக்குள் ஒளிந்து நடக்கும் குட்டி நண்டுகள். அட்டவணையில் லோ டைட்டின் உயரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே, அதாவது மைனஸ் குறியோடு இருந்தால் அந்த நாளை விடவே விடாதீர்கள். வசந்தத்திலும் கோடையிலும் இப்படி அதிகமாக இறங்கும் வேளை பெரும்பாலும் விடியலிலோ காலையிலோ வரும். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், கடல் இறங்க இறங்கக் கூடவே நீங்களும் முன்னேறலாம், அது திரும்பத் தொடங்கியதும் நீங்களும் திரும்பலாம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

ஹை டைட் நேரத்தில் பார்க்க வேண்டியவை வேறு. யாஹாட்ஸ் ஊருக்குத் தெற்கே கேப் பெர்பெச்சுவாவில் தோர்ஸ் வெல் என்று பாறையில் ஒரு பெரிய துளை இருக்கிறது. கடல் ஏறும்போது அதற்குள்ளிருந்து தண்ணீர் பொங்கி வந்து, பிறகு உள்ளேயே வடிந்து போகும். பக்கத்திலேயே டெவில்ஸ் சர்ன் என்ற குறுகிய பிளவில் அலை நுழைந்து வெடித்துச் சிதறும். இவற்றைக் கடல் இறங்கிய நேரத்தில் பார்த்தால் வெறும் பாறைதான். ஏறிய நேரத்தில் பார்த்தால் வீட்டில் வருடக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் மேலே உள்ள பாதையிலிருந்து மட்டும் பாருங்கள், படத்துக்காகத் துளையின் விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

இதை வைத்து ஐந்து நாளை நான் அடுக்கும் விதம் இது. முதல் நாள் போர்ட்லண்டிலிருந்து அஸ்டோரியா. குன்றின் மேல் 1926-இல் கட்டிய அஸ்டோரியா கோபுரத்தில் 164 படி ஏறினால் ஆறும் கடலும் சேரும் இடம் முழுதாகத் தெரியும். உச்சியிலிருந்து பிள்ளைகள் லேசான மரக்கட்டை விமானங்களைப் பறக்கவிடுவது அங்கே நீண்ட நாள் வழக்கமாக இருந்தது. அருகில் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவின் மணலில் 1906-இல் தரைதட்டிய பீட்டர் ஐரடேல் கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடு நிற்கிறது, கடல் இறங்கியிருந்தால் கிட்டே நடந்து போகலாம். இரவு கேனன் பீச்சில் அல்லது கொஞ்சம் விலை குறைவான சீசைடில் தங்கலாம்.

இரண்டாம் நாள் முழுக்கக் கேனன் பீச். 235 அடி உயர ஹேஸ்டாக் பாறையை லோ டைட்டில் அடிவாரம் வரை நடந்து போய்ப் பார்க்கலாம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அதன் மேல் பஃபின் பறவைகள் கூடு கட்டும். தொலைநோக்கியோடு தன்னார்வலர்கள் கரையில் நிற்கும் நாட்களில் பிள்ளைகளை அவர்களிடம் கேள்வி கேட்க விடுங்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பாறை மேல் ஏறுவதும் உயிரினங்களை எடுப்பதும் அங்கே கூடாது. வெறும் பாறை போலத் தெரியும் இடத்திலும் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும், ஈர மணலில் கால் வைத்து நடக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் மட்டும் கொஞ்சம் நீளம், நியூபோர்ட் வரை சுமார் 110 மைல். காலையில் சீக்கிரம் கிளம்பி டில்லமுக் சீஸ் ஆலையில் நிறுத்துங்கள். 1909-இல் பண்ணைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு அது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய சீஸ் கட்டிகள் நகர்வதைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக் கிளம்பலாம். வழியில் டீப்போ பே ஊரில் சாலையோரச் சுவரை ஒட்டி நின்றாலே கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் சாம்பல் திமிங்கலங்கள் மூச்சு விடுவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தண்ணீரில் திமிங்கலத்தைத் தேடாதீர்கள், ஒரு நொடி எழுந்து கரையும் வெண்மையான நீராவியைத் தேடுங்கள். அங்கேயே மாநிலப் பூங்காத் துறையின் திமிங்கல மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

நான்காம் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நியூபோர்ட்டின் யக்வினா ஹெட்டில், ஒரிகனிலேயே உயரமான 93 அடிக் கலங்கரை விளக்கத்தின் கீழே, கருங்கற்கள் உருளும் ஒரு கரை இருக்கிறது. அலை பின்வாங்கும்போது அந்தக் கற்கள் கலகலவென்று சத்தம் போடும். காலை லோ டைட்டில் அங்கே இருங்கள். மதியம் நியூபோர்ட் துறைமுகத்தில் கடல் சிங்கங்கள் மிதவைகளின் மேல் படுத்துக் கத்துவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். லோ டைட்டுக்கும் ஹை டைட்டுக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கேப் பெர்பெச்சுவா நியூபோர்ட்டிலிருந்து 27 மைல்தான், அதனால் இரண்டையும் ஒரே நாளில் சரியான நேரத்தில் பிடித்துவிடலாம். அதே கேப் பெர்பெச்சுவாவில் 800 அடி உயரக் காட்சி முனைக்குக் காரிலேயே ஏறிவிடலாம்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கும்போதுதான் போர்ட்லண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்தப் பயணத்தைப் போடுகின்றன. முட்டிவலி உள்ளவர்களுக்கு டீப்போ பே சுவரும் பெர்பெச்சுவா உச்சியும் ரொம்பத் தோதான இடங்கள். சில ஊர்களில் மணலில் உருளும் சக்கர நாற்காலிகள் கிடைக்கும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவர்களைக் குளிரில் நீண்ட நேரம் நிற்க வைக்காமல், பிள்ளைகள் ஒரு பக்கம் ஓட, அவர்கள் காருக்குள்ளிருந்தே கடலைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்துங்கள்.

தங்குவதற்கு மாநிலப் பூங்காக்களில் இருக்கும் யர்ட் கூடாரங்களை முதலில் பாருங்கள். மரத்தரை, மின்விளக்கு, ஹீட்டர், கட்டில் எல்லாம் இருக்கும், போர்வை தலையணை நாம் கொண்டுபோக வேண்டும், உள்ளே சமைக்கக் கூடாது. ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், கோடை நாட்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். விடுதி என்றால் சின்னச் சமையலறை உள்ள அறையாக எடுங்கள். கடலைப் பார்த்த அறைக்காகக் கூடுதலாகக் கொடுப்பது அவசியமில்லை என்பது என் கருத்து. 1967-இல் ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில் கொண்டுவந்த சட்டத்தால் ஒரிகனின் கடற்கரை மணல் முழுவதும் மக்களுக்குப் பொது. இரண்டு தெரு தள்ளித் தங்கினாலும் அதே மணலில்தான் நடப்பீர்கள்.

மளிகைக்கு டில்லமுக், நியூபோர்ட், ஃபிளாரன்ஸ் மூன்றிலும் பெரிய ஃபிரெட் மேயர் கடை உண்டு, விற்பனை வரியும் இந்த மாநிலத்தில் கிடையாது. நம்ம ஊர்ப் பொடி, ஊறுகாய், அரிசியை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை, ஒரு சின்ன ரைஸ் குக்கர், தயிர் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குத் தவிக்க வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் டஞ்சனஸ் நண்டை விடாதீர்கள். வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டும், குறிப்பாக நீகானி மலைச் சரிவிலும் பெர்பெச்சுவாவிலிருந்து ஹெசீட்டா ஹெட் வரையிலும். அந்த இடங்களுக்கு முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், போனை வாங்கி வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி நான் கறாராகவே சொல்கிறேன். கோடையிலும் இந்தத் தண்ணீர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும், நீந்தத் தெரிந்தவர்களுக்கும் கை கால் விறைத்துவிடும். கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள். அமைதியான கடலிலிருந்து திடீரென்று ஒரு அலை மற்றவற்றைவிட வெகுதூரம் ஏறி வரும், அதனால் கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. கரையில் கிடக்கும் பெரிய மரத்தடிகள் மேல் ஏறி விளையாட விடாதீர்கள். சில அங்குலத் தண்ணீர் போதும், டன் கணக்கில் எடையுள்ள கட்டை புரண்டு ஆளை அடியில் நசுக்கிவிடும். கடலுக்குள் நீளும் பாறை முனைகளைச் சுற்றி நடக்கும்போது, கடல் ஏறினால் திரும்பும் வழி மூடிவிடுமா என்று முதலில் பாருங்கள். நீலநிறச் சுனாமிப் பலகைகள் எங்கும் தென்படும். 1700 ஜனவரி 26-இல் இந்தக் கரைக்கு எதிரே கடலடியில் பெரும் நிலநடுக்கம் வந்தது, அதன் சுனாமி ஜப்பான் வரை போனது அங்கே பதிவாகியிருக்கிறது. தரை பலமாக ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு நடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் நாள் ஹெசீட்டா ஹெட் கலங்கரை விளக்கம், அப்புறம் ஃபிளாரன்ஸ். அங்கிருந்து தெற்கே கூஸ் பே வரை 40 மைலுக்கு மணல்மேடுகள். ஹனிமன் பூங்காவில் மணல்மேடு நேராக ஏரிக்குள் இறங்கும், பலகையை வாடகைக்கு எடுத்துச் சறுக்கலாம். மதியம் இரண்டு மணிக்குள் ஈரத் துணியை மாற்றி, 126-ஆம் சாலையில் யூஜீன் போய் ஐ-5 நெடுஞ்சாலையில் ஏறினால் போர்ட்லண்டுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். ஞாயிறாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், பெட்ரோலை ஃபிளாரன்ஸிலேயே நிரப்பிவிடுங்கள்.