பேனர் மூலையில் உங்கள் நம்பரைப் போடுவீர்களா?

மலேசியாவின் தோட்டப் பட்டணத்தில் டிசைன் வேலை பார்ப்பவர் ஒரே வேலையைச் செய்து பிழைக்க முடியாது. காலையில் கோயில் திருவிழா பேனர், மதியம் உறுமி மேளக் குழுவுக்கு டி-சட்டை, சாயங்காலம் பூப்புனித நீராட்டு விழாவில் படம் பிடித்தல், ராத்திரி பசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக் கடைக்கு விலைப்பட்டியல். சுங்கை சிப்புட் ஆனாலும் லாபிஸ் ஆனாலும் இதே நிலைதான். வேலை கொண்டு வருகிறவர் சொந்தக்காரராக இருப்பார். இல்லையென்றால் உங்கள் அப்பாவோடு ஒரே பெரட்டில் (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம்) நின்றவரின் மகனாக இருப்பார். மனசுக்கு ஒப்பாத வேலையை அவரிடம் எப்படி மறுப்பது? மறுத்தால் மாதக் கடைசியில் கணக்கு எப்படி நிற்கும்? இரண்டுக்கும் முன்கூட்டியே தயாராகலாம்.

பழைய வேலையிலிருந்து தொடங்குங்கள்

வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு "என் கொள்கை என்ன?" என்று யோசித்தால் நேர்மை, சமூக அக்கறை, தமிழ்ப்பற்று என்று மூன்று நல்ல சொற்கள் வரும். நாளைக்கு வாசலில் நிற்கப்போகும் வேலையை ஏற்பதா வேண்டாமா என்று அவை சொல்லாது.

அதற்குப் பதில், கடந்த 12 மாத வாட்சாப் உரையாடல்களையும் கணினிக் கோப்புகளையும் திறந்து 30 வேலைகளைப் பள்ளி நோட்டில் எழுதுங்கள். என்ன வேலை, யாருக்கு, எத்தனை வெள்ளி (ரிங்கிட்). நாலாவது பத்தியில் ஒரே கேள்வி: மூலையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் போட்டீர்களா? பேனர் செய்கிறவர் யாரும் அந்த இலவச விளம்பரத்தைச் சும்மா விடமாட்டார். நீங்களே வேண்டாம் என்று எண்ணை விட்ட வேலைகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். உங்கள் கொள்கை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வட்டமிட்டவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பதினாலு தலைவர்களின் முகத்தை ஒரே பேனரில் திணித்ததால் வந்த வெட்கம் வேறு வகை. அதற்குக் கொள்கை எதற்கு? நாலு முகத்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம் என்றால் போதும், தலைவர்கள் தானாகக் குறைவார்கள். "இதைச் செய்திருக்கக் கூடாது" என்று தோன்றியவை மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும். முப்பதில் நாலைந்து தேறும்.

விதியாக எழுதுவது

விதியில் ஒரு பொருளும் ஒரு செயலும் இருக்க வேண்டும். "பொய் சொல்லமாட்டேன்" என்பது உதவாது. "நோய் குணமாகும் என்று விளம்பரத்தில் எழுதமாட்டேன்" என்பது உதவும். ஐந்துக்கு மேல் எழுதாதீர்கள். பத்து எழுதினால் அதில் ஏழு விதிகளை மறந்துவிடுவீர்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது எண் போட்ட டி-சட்டை. தைப்பூசத்துக்கு முன்னால் இளைஞர் குழு வந்து, முதுகில் 04, 08, 36 என்று ஏதாவது எண் போடச் சொல்லும். 2013இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலில் இப்படி எண்ணையே பெயராகக் கொண்டவை உண்டு. அச்சடித்தவருக்கும் வம்பு, போட்டுக்கொண்டு காவடிக்கு வரும் பதினாறு வயதுப் பையனுக்கும் வம்பு. "எண்ணும் கும்பல் சின்னமும் போடமாட்டேன், குழுப் பெயர், கோயில் பெயர், ஊர்ப் பெயர் போடுவேன்" என்று விதியிலேயே மாற்றையும் சேர்த்து எழுதுங்கள். பையன்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கூட்டத்தில் தனித்துத் தெரியும் சட்டைதான். பழைய எஸ்டேட் பெயரை நல்ல எழுத்தில் வடித்துக் காட்டினால் பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது இனிப்பு நீருக்கான (நீரிழிவுக்கான) பொடி. "மூன்றே மாதத்தில் சர்க்கரை இறங்கும்" என்ற துண்டறிக்கை. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி இனிப்பு நீர், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. மற்ற மருந்து விளம்பரங்களுக்கு கேகேஎல்ஐயூ (KKLIU) எனும் அரசு அனுமதி எண் வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கடன் விளம்பரத்துக்கும் இதே வழி: உரிமமும் விளம்பர அனுமதியும் காட்டாதவருக்கு ஸ்டிக்கர் கிடையாது. முகத்தை வெளுப்பாக்கும் கிரீமுக்குச் சட்டம் பாதிதான் துணை. பாதரசம் கலந்தவற்றை அரசு தடுக்கிறது; "கறுப்பாக இருந்தால் மாப்பிள்ளை கிடைக்காது" என்ற வாசகத்தைத் தடுக்காது. அது உங்கள் விதியில் இருக்க வேண்டியது.

மூன்றாவது பூப்புனித நீராட்டு விழா பேனர். இதில் சட்டத்துக்கு வேலையே இல்லை, அதனாலேயே கடினம். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஆளுயரப் படம் முச்சந்தியில் தொங்குகிறது; விழா முடிந்து ஒரு மாதமாகியும் யாரும் கழற்றவில்லை. பெற்றோருக்கு அது பெருமை, குறை சொல்ல முடியாது. இப்படிச் செய்யலாம்: படம் போட்ட பேனர் மண்டபத்துக்குள் மட்டும், சாலையில் குடும்பப் பெயரும் அம்புக்குறியும். எந்தப் படம் என்று அந்தப் பெண்ணையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவள் தலையசைக்காமல் உங்கள் முகநூல் பக்கத்தில் ஏற்றாதீர்கள்.

மறுப்பின் விலை

கணக்குப் போடாமல் எடுத்த கொள்கை, வாடகை தேதி நெருங்கும்போது கரைந்துவிடும். உதாரணத்துக்கு உங்கள் மாதச் செலவு 2,000 வெள்ளி, சிவப்பு வட்ட வேலைகள் மாதம் 450 வெள்ளி தருகின்றன என்று வைப்போம். ஒரே மாதத்தில் அத்தனையையும் விடாதீர்கள். குறைந்த வருமானமும் கூடுதல் வெட்கமும் தரும் வேலையை முதல் மாதம் விடுங்கள், மீதியை அடுத்த இரண்டு மாதத்தில். 450ஐ ஈடுகட்ட எளிய வழி, அச்சுக்கூலியையும் டிசைன் கூலியையும் தனித்தனியாக எழுதுவது. 10 அடிக்கு 4 அடி பேனர் 40 சதுர அடி; வாடிக்கையாளர் அதை மட்டும் பெருக்கிப் பார்த்து உங்கள் உழைப்பை இனாமாக்கிவிடுவார். டிசைனுக்கு 30 வெள்ளி என்று தனிவரி இருந்தால் மாதம் 15 பேனரில் அந்த 450 வந்துவிடும்.

இனாம் வேலைக்கும் வரம்பு வேண்டும். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் உங்களால் மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வையுங்கள். பில்லில் முழு விலையை எழுதி, கீழே "கழிவு 100 விழுக்காடு" என்று போடுங்கள். விலை தெரியாத இனாமுக்கு அடுத்த வருடம் மரியாதையும் இருக்காது.

சொல்லும் முறை

மறுப்பதானால் வேலை கேட்ட அதே நாளில் சொல்லுங்கள். "வேலை ஜாஸ்தி" என்று பொய் சொன்னால் சனிக்கிழமை பசார் மாலாமில் நீங்கள் சாவகாசமாகச் சுற்றுவதை அவர் பார்த்துவிடுவார். மறு வாரம் திரும்பவும் வருவார். உபதேசமும் வேண்டாம். "அண்ணே, நம்பர் போட்ட சட்டை நான் யாருக்கும் அடிக்கிறதில்ல. குழு பேர் போட்டுத் தரேன், நாளைக்கு மாதிரி அனுப்பவா?" அவ்வளவுதான். "யாருக்கும்" என்ற சொல் முக்கியம். மறுப்பு அவருடைய ஆளைப் பார்த்து வந்ததல்ல என்று அது சொல்கிறது. ஆகவே ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் அன்றோடு விதி செத்தது. பட்டணம் சின்னது.

எழுத்தில் வைப்பது

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்விடும். நீங்கள் வரைந்த அம்மன் படம் அடுத்த வருடம் மதுக்கடை விளம்பரத்தில் வந்தால் பேச இடமிருக்காது. முன்பணம் வாங்கும்போதே ஒரு வரி அனுப்புங்கள்: "இந்தப் படம் இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும், பதிப்புரிமை வரைந்தவருக்கே." அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு வேலையைத் தொடங்கி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வேலைக் கோப்பிலேயே போட்டுவையுங்கள்.

விதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மீறினால் தேதியும் காரணமும் அதன் பக்கத்தில். ஒரே விதியை ஆறு மாதத்தில் மூன்று முறை மீறியிருந்தால், அது யாருடைய பாராட்டுக்காகவோ எழுதியது, அடித்துவிடுங்கள். திருத்துவதைத் தைப்பூச நெரிசல் ஓய்ந்த பிறகு, கடை மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எதிரே நிற்கும்போது அந்தப் பக்கத்தைத் திருத்தக் கூடாது.