உருளைக்கிழங்குப் பாத்தியை முள்ளம்பன்றியிடமிருந்து காப்பது

பழனி மலையின் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் காலையில் உருளைக்கிழங்கோ கேரட்டோ தோண்டித் தின்னப்பட்டுக் கிடந்தால், காட்டுப்பன்றி என்று முடிவுகட்டுமுன் வரப்பில் கறுப்பு வெள்ளை முட்கள் உதிர்ந்துள்ளனவா என்று பாருங்கள். வளையின் வாயிலில் கறித்த எலும்புகள் கிடந்தால் ஐயமே வேண்டாம். ஓயாது வளரும் முன்பற்களைத் தேய்க்கவும் சுண்ணாம்புச் சத்துக்காகவும் முள்ளம்பன்றி எலும்பைக் கறிக்கும்.

பகலெல்லாம் வளையில் இணையோடும் குட்டிகளோடும் உறங்கி, இருட்டியபின் பழகிய தடத்திலேயே அது வருவதால், அந்தத் தடத்தை முதலில் கண்டறிந்து, கம்பிவலையை மண்ணுக்குள் ஓரடி ஆழம் இறக்கி, அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்துப் புதையுங்கள். தோண்டத் தெரிந்த விலங்குக்கு மேலோட்டமான வேலி பயன்படாது.

இரவில் நாயைக் கட்டிவையுங்கள். முள்ளம்பன்றி முட்களை எய்வதில்லை; பின்னோக்கிப் பாய்ந்து குத்துகிறது, அந்தக் காயம் எளிதில் சீழ்பிடிக்கும்.

வளையில் புகை மூட்டுவதோ கண்ணி வைப்பதோ கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. உள்ளே பால்குடிக் குட்டிகளும் இருக்கக்கூடும். சேதம் தொடர்ந்தால் வனத்துறையினரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.