வென்ட்ரூ கட்டு: முதலில் வாம்பயர், பிறகுதான் மற்றச் சீட்டு

'வாம்பயர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகில்' சீட்டாட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் குலத்தின் பெயர் அச்சிட்ட சீட்டுகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். வாம்பயர் குலங்களில் ஒன்றான வென்ட்ரூவுக்கு மட்டும் என்று இருப்பவை கொஞ்சமே. கட்டைத் தாங்குவது அந்தக் குலத்தின் மூன்று ஆற்றல்கள்: டாமினேட், ஃபார்டிட்யூட், பிரசென்ஸ். டர்பனில் இருந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பவர்கள், பட்டியல் முடிவான பிறகே பணம் கட்டுங்கள். தவறிப்போன இரண்டு சீட்டுக்காக இன்னொரு முறை தபால் செலவு செய்வது வீண். 2020இல் வந்த ஐந்தாம் பதிப்பின் வென்ட்ரூ கட்டு நல்ல அடித்தளம். அதை வைத்துக்கொண்டு மேலே சேர்ப்பதுதான் சிக்கனம்.

வாம்பயர் சீட்டுகளின் அடுக்கான கிரிப்டில் குறைந்தது 12 வாம்பயர் வேண்டும். எல்லாரும், சீட்டில் அச்சிட்டபடி, ஒரே குரூப் எண்ணிலோ அடுத்தடுத்த இரண்டு எண்களிலோ இருக்க வேண்டும். பழைய சீட்டையும் புதிய சீட்டையும் கலப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் கைக்கு வருவது நான்கு வாம்பயர். நான்கும் 8, 9 கொள்ளளவு (எழுப்ப ஆகும் இரத்தம்) என்றால், உங்கள் உயிர்ப்புள்ளியான 30 பூலில் பாதிக்கு மேல் இரண்டு பேரை எழுப்பவே போய்விடும். பெரியவர்கள் நான்கைந்து பேர், மற்றவர்கள் 4 முதல் 7 வரை கொள்ளளவு என்று வையுங்கள்.

இந்தக் கலவைக்குக் காரணம் 'கவர்ன் தி அன்அலைண்ட்'. கட்டிலேயே முக்கியமான சீட்டு இதுதான். டாமினேட் மேல்நிலையில் இருந்தால், இன்னும் எழுப்பாத ஓர் இளைய வாம்பயர் மேல் வங்கியிலிருந்து 3 இரத்தம் வைக்கலாம். உங்கள் பூலில் ஒன்றும் குறையாது. 'இளைய' என்றால் கொள்ளளவில் சிறியவர். எல்லாரும் ஒரே அளவில் இருந்தால் இந்தப் பயன் செத்துப்போகும். கீழ்நிலையில் அதே சீட்டு ப்ளீடுக்கு, அதாவது எதிராளியின் பூலைக் குறைக்கும் தாக்குதலுக்கு, 2 கூட்டும். ஒரே சீட்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்க விதி இடம் கொடுக்கிறது. 8 வையுங்கள்.

அடுத்தது 'டிஃப்ளெக்‌ஷன்', 7. உங்கள் மேல் வரும் ப்ளீடை வேறொருவர் மேல் திருப்பிவிடும். மேல்நிலையில் திருப்பினால் உங்கள் வாம்பயர் லாக் ஆவதுகூட (செயல்பட முடியாமல் கிடப்பதுகூட) இல்லை. ஆனால் எதிர்வினைக்கு விழித்த, அதாவது லாக் ஆகாத, வாம்பயர் வேண்டுமே. அதற்கு, விழிக்க வைக்கும் 'ஆன் தி கீ விவ்' போன்றவை 5. இவை இல்லாமல் டிஃப்ளெக்‌ஷன் கையிலேயே உறங்கும்.

தாக்குதலுக்கு 'கண்டிஷனிங்' 4 போதும். கீழ்நிலை கவர்னோடு மேல்நிலை கண்டிஷனிங் சேர்ந்தால் ப்ளீட் 6. இதில் ஓர் ஆபத்து உண்டு. உங்கள் இரை (நீங்கள் தாக்கும் பக்கத்து ஆட்டக்காரர்) அதை அடுத்தவர் மேல் திருப்பி, அந்த ஆள் வீழ்ந்தால், வெற்றிப் புள்ளியும் 6 பூலும் உங்கள் இரைக்கே போகும். அதனால் இரையின் விழித்த வாம்பயர்களைப் பார்த்துவிட்டே பெரிய ப்ளீடை இறக்குங்கள்.

வாக்கெடுப்பு இந்தக் குலத்தின் இரண்டாவது கை. பிரின்ஸ் பட்டம் உள்ள வாம்பயருக்கு 2 வாக்கு, ஜஸ்டிகாருக்கு 3. 'கைன் ரிசோர்சஸ் கன்டெஸ்டட்' 5 வையுங்கள்; 4 புள்ளி சேதத்தை இரண்டு பேருக்காவது பிரித்துத் தர வேண்டும். வேறு அரசியல் சீட்டு 3 போதும். கூடுதல் அரசியல் சீட்டு கையில் இருந்தால் அதைக் கழித்து ஒரு வாக்கு பெறலாம் என்பதால் அவை வீணாவதில்லை. பிரின்ஸ் இருந்தால் 'செகண்ட் ட்ரெடிஷன்' 4. பட்டம் இல்லாத வாம்பயர்களோடு இதை வைக்காதீர்கள், வெறும் காகிதம்தான்.

சண்டையிலிருந்து தப்ப 'மெஜஸ்டி' 5, செயல் முடிந்து மறுபடி எழ 'ஃப்ரீக் டிரைவ்' 5. இரண்டுமே இரத்தம் குடிக்கும். ஒரே சுற்றில் அடுத்தடுத்துச் செலவழித்தால் வாம்பயர் வறண்டு வேட்டைக்குப் போக வேண்டிவரும்.

மாஸ்டர் சீட்டு (வாம்பயர் அல்ல, நீங்களே ஆடுவது) 16. ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் ஆடலாம் என்பதால் 20ஐத் தாண்டினால் கை அடைத்துவிடும். 'வில்லெய்ன்' போன்ற ட்ரைஃபிள் வகை இதற்குத் தப்பும். அது வாம்பயரின் இரத்தத்தை உங்கள் பூலுக்கு மாற்றிவிட்டு, இன்னொரு மாஸ்டருக்கும் இடம் தரும்.

இதுவரை 62 ஆயிற்று. வாம்பயர் அல்லாத சீட்டுகளின் அடுக்கான லைப்ரரி 60 முதல் 90 வரை இருக்கலாம். 75 நல்ல அளவு. மீதி 13இல் வாக்கு கூட்டும் பிரசென்ஸ் சீட்டுகளும் மறைவு கூட்டுபவையும் வரட்டும்.

கட்டைக் குலைத்து ஏழு சீட்டு எடுங்கள், பத்து முறை. நான்கு முறைக்கு மேல் மூன்று மாஸ்டர் வந்தால் இரண்டைக் குறைக்கலாம். விழிக்க வைக்கும் சீட்டே வராமல் டிஃப்ளெக்‌ஷன் மட்டும் வந்துகொண்டிருந்தால் அந்த 5ஐ 7 ஆக்குங்கள். கிரிப்டின் பின்பக்கமும் லைப்ரரியின் பின்பக்கமும் வேறு நிறம், ஆகவே உறைகளையும் இரண்டு நிறத்தில் வாங்குங்கள். ஜனவரி மாதத்து டர்பன் ஈரத்தில் உறையில்லாத சீட்டு வளையும். வளைந்த சீட்டு குலைக்கும்போதே அடையாளம் காட்டிவிடும்.