200 வந்தால் போதுமா? ரெஸ்ட் வழியாக மெசேஜ் புரோக்கர் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்ட் (செய்தியை அனுப்பும் எச்டிடிபி கோரிக்கை) கொடுத்தேன், ‘சரி’ என்று பொருள்படும் 200 வந்தது, க்யூவில் (செய்திகள் காத்திருக்கும் வரிசையில்) செய்தியைக் காணோம். ரேபிட்எம்கியூ என்ற மெசேஜ் புரோக்கரை (ஒரு ப்ரோக்ராமின் செய்தியை இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருளை) எச்டிடிபி வழியாக, அதாவது ரெஸ்ட் ஏபிஐ வழியாக, பயன்படுத்துகிறவர்கள் பலர் என்றைக்காவது ஒரு நாள் இங்கே வந்து நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். வாடிக்கையாளருக்கு ரசீது அனுப்பும் சின்ன வேலை அது. செய்தி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ரூட்டிங் கீயில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. மதியம் முழுக்க ஒரு ரசீதும் போகவில்லை, லாக்கில் ஒரு எரரும் இல்லை.

ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்த்ததுதான் அங்கே நடந்த தவறு. புரோக்கருக்குள் செய்திகளை வாங்கி க்யூக்களுக்குப் பிரித்துவிடும் எக்ஸ்சேஞ்ச் செய்தியை வாங்கிக்கொண்டது, அதனால் 200. ஆனால் அந்தக் கீயோடு எந்த க்யூவும் பைண்ட் செய்யப்படவில்லை (இணைக்கப்படவில்லை), அதனால் செய்தியை அப்படியே விட்டுவிட்டது. இந்த உண்மை பதிலின் ஜேசானில் ‘ரூட்டட்’ என்ற ஒரே புலத்தில் இருக்கிறது. அது ‘ஃபால்ஸ்’ என்றால் செய்தி போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு முறையும் அதைப் படித்துப் பாருங்கள். வழி தவறிய செய்திகளைப் பிடிக்க ஆல்டர்நேட் எக்ஸ்சேஞ்ச் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அதன் வழியே ஏதாவது ஒரு க்யூவுக்குப் போனாலும் ‘ரூட்டட்: ட்ரூ’ என்றே பதில் வரும். ஆகவே அந்த க்யூவையும் யாராவது கண்காணிக்க வேண்டும்.

அடுத்தது, க்யூவை ட்யூரபிள் (ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிலைப்பது) ஆக்கிவிட்டால் செய்தியும் பத்திரம் என்று நினைப்பது. கிளாசிக் என்ற வகை க்யூவில் அப்படி இல்லை. ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் டெலிவரி மோட் 2 (செய்தியை டிஸ்கில் சேமி) என்று நீங்களே எழுதி அனுப்பாவிட்டால், புரோக்கரை ரீஸ்டார்ட் செய்ததும் க்யூ இருக்கும், செய்தி இருக்காது. பல க்ளையன்ட் லைப்ரரிகள் இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்லில் கையால் எழுதும்போது இது மறந்துபோகிறது.

இவற்றைவிடப் பெரிய தவறு செய்தியை எடுக்கும் பக்கத்தில் இருக்கிறது. ரேபிட்எம்கியூவின் ‘கெட்’ வசதிக்கு அக்மோட் (எடுத்த செய்தியை நீக்குவதா, திரும்ப வைப்பதா என்ற தேர்வு) என்று ஒன்று கொடுக்க வேண்டும். செய்தியை நீக்கச் சொன்னால், பதில் உங்களிடம் வந்து சேருமுன்பே அது க்யூவிலிருந்து போய்விடும். நடுவில் நெட்வொர்க் அறுந்தாலோ, உங்கள் ப்ரோக்ராம் விழுந்தாலோ அந்தச் செய்தி திரும்பாது. திரும்ப க்யூவில் வைக்கச் சொன்னால், அதே செய்தி மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கும். ‘வேலையை முடித்துவிட்டேன், இனி நீக்கிக்கொள்’ என்று பிறகு சொல்ல இந்த ஏபிஐயில் வழியே இல்லை. புரோக்கரோடு நேரடியாகப் பேசும் நெறிமுறையான ஏஎம்கியூபியில் இணைப்பு திறந்தே இருப்பதால் அந்த உரையாடல் நடக்கிறது. எச்டிடிபியில் பதில் வந்ததோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இது நிர்வாகிகள் சோதித்துப் பார்ப்பதற்கான கருவி, நம்பகமான டெலிவரிக்கு உரியதல்ல என்று ஆவணமே சொல்கிறது. தயவுசெய்து இதன்மேல் ப்ரொடக்‌ஷன் கன்ஸ்யூமர் (செய்தியை எடுத்து வேலை செய்யும் ப்ரோக்ராம்) கட்டாதீர்கள்.

ஆக்டிவ்எம்கியூ கிளாசிக் என்ற இன்னொரு புரோக்கரின் ரெஸ்ட் ஏபிஐயில் இதே சிக்கலுக்கு வேறு முகம். அங்கே சாதாரண கெட் கோரிக்கையே செய்தியை எடுத்துவிடும். பிரவுசரில் முகவரியைத் திறந்தால் ஒன்று போகும், ரீஃப்ரெஷ் செய்தால் இன்னொன்று. அந்த முகவரியை மானிட்டரிங் கருவியின் ஹெல்த் செக்கில் போட்டுவிட்டால், யாருக்கும் தெரியாமல் க்யூ காலியாகிக்கொண்டே இருக்கும். ப்ரீஃபெட்ச் அளவையும் (ஒருவருக்காக முன்கூட்டியே ஒதுக்கப்படும் செய்திகளின் எண்ணிக்கை) 1 ஆக்குங்கள். க்யூக்களுக்கு அதன் இயல்பளவு 1000. ஒரு செய்தி கேட்ட செஷனுக்காக மற்றவையும் ஒதுக்கப்பட்டு, அடுத்த கன்ஸ்யூமர் வெறுங்கையோடு நிற்கும்.

காஃப்கா என்ற செய்தி அமைப்பை எச்டிடிபி வழியாக அணுக உதவும் ரெஸ்ட் ப்ராக்ஸியை, கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சருக்குப் பின்னால் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கன்ஸ்யூமர் இன்ஸ்டன்ஸ் அதை உருவாக்கிய ப்ராக்ஸி சர்வரிலேயே வாழ்கிறது. உருவாக்கும்போது கிடைக்கும் அடிப்படை முகவரியையே அதன்பின் பயன்படுத்த வேண்டும். இயல்பு அமைப்பில் 5 நிமிடம் சும்மா இருந்தால் அதுவும் அழிந்துவிடும்.

டைம்அவுட் வந்தால் என்ன செய்வது? போஸ்ட் போனதா இல்லையா என்று தெரியாத நிலை அது. மறுபடி அனுப்பாவிட்டால் செய்தி தொலையலாம், அனுப்பினால் இரண்டாகலாம். நான் எப்போதும் மறுபடி அனுப்பச் சொல்வேன், ஆனால் அதே மெசேஜ் ஐடியோடு. பெறுபவர் அந்த ஐடியைக் குறித்துவைத்து, இரண்டாவதை ஒதுக்கிவிட வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ரேபிட்எம்கியூவின் இயல்பு விஹோஸ்டின் (புரோக்கருக்குள் இருக்கும் தனிப் பகுதியின்) பெயர் வெறும் சாய்கோடு. முகவரியில் அதைச் சதவீதக் குறியோடு 2எஃப் என்று எழுதாவிட்டால் 404 வரும். படம், பிடிஎஃப் போன்றவற்றை பேஸ்64 (வெறும் எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கியே அனுப்ப வேண்டும். தமிழ் உரை யூடிஎஃப்-8 ஆக இருந்தால் என்கோடிங் ‘ஸ்ட்ரிங்’ என்று கொடுத்தால் போதும்.

பாதுகாப்பில் ஒரு குறுக்குவழியைக் கண்டால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. ரேபிட்எம்கியூவின் 3.3.0 பதிப்பிலிருந்து தானாகவே இருக்கும் கெஸ்ட் பயனர் லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினியிலிருந்து) மட்டுமே நுழைய முடியும். வெளியிலிருந்து நுழைய முடியவில்லை என்றதும் அந்தத் தடையையே எடுத்துவிடுகிறார்கள். தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, தேவையான விஹோஸ்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்க சில கட்டளைகள்தான். இந்த ஏபிஐ இயங்கும் 15672 போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். க்யூக்களை அழிக்கும் வசதியும் அதே கதவுக்குள்தான் இருக்கிறது.

வெளியாட்கள் ரெஸ்ட் வழியாகத்தான் அனுப்புவார்கள் என்றால், நடுவில் உங்களுடைய சிறிய கேட்வே சர்வீஸ் ஒன்றை வையுங்கள். அது புரோக்கரோடு ஏஎம்கியூபி இணைப்பைத் திறந்தே வைத்திருக்கட்டும். மேண்டட்டரி கொடி (எந்த க்யூவுக்கும் போகாவிட்டால் செய்தியைத் திருப்பித் தா) போட்டு அனுப்பி, செய்தி திரும்பி வராமல் பப்ளிஷர் கன்ஃபர்ம் (புரோக்கரின் ஒப்புதல்) வந்த பிறகு மட்டும் 202 (ஏற்றுக்கொண்டோம்) சொல்லட்டும். இல்லாவிட்டால் 503 (இப்போது முடியாது).